குவியம் என்றால் அடுப்பு

சனசமூக நிலையப் பெட்டியில் ‘குவியம்’ பற்றிப் போட்ட கேள்விகளுக்குப் பதில் இது. நான் பௌதிகவியல் படிப்பித்தவன். மருத்துவத்தில் தெரிந்த அளவுக்கே சொல்வேன்.

வில்லைக்கும் (லென்ஸ்) வலிப்புக்கும் ஒரே சொல் எப்படி வந்தது? (உயர்தர மாணவி, கோண்டாவில்)

பிள்ளை, நாம் குவியம் என்பது ஆங்கிலத்தில் ‘ஃபோக்கஸ்’. லத்தீனில் அதற்கு அடுப்பு என்று பொருள். 1604இல் வானியலாளர் கெப்ளர் தன் ஒளியியல் நூலில் அதைக் கலைச்சொல்லாக்கினார். வில்லை வெயிலை ஒரு புள்ளியில் சேர்க்க, தேங்காய்ப் பொச்சு புகையத் தொடங்கும் இடம் அது. எவ்வளவு பொருத்தமான பெயர்! அங்கிருந்து சொல் மற்றத் துறைகளுக்கும் போனது. வைத்தியர் ‘ஃபோக்கல்’ என்றால் ஓரிடத்தில் மட்டும் என்று பொருள். நிலநடுக்கத்தில் பாறை முதலில் முறிந்த இடம் குவியம். 2004 சுனாமிக்கு அது சுமாத்திராவுக்கு அப்பால் சுமார் 30 கிலோமீற்றர் ஆழத்தில் இருந்தது. ஒன்று சொல்லிவிடுகிறேன்: வில்லையால் சூரியனைப் பார்க்கவே கூடாது.

அம்மாவின் ஸ்கான் அறிக்கையில் ‘ஃபோக்கல்’ என்று இருக்கிறது. புற்றுநோயா? (சாவகச்சேரி)

அந்தச் சொல் இடத்தைத்தான் சொல்கிறது, என்ன நோய் என்பதை அல்ல. பரவலாக இல்லாமல் ஓரிடத்தில் ஏதோ தெரிகிறது, அவ்வளவுதான். அறிக்கையை எழுதித் தந்த வைத்தியரிடமே கொண்டுபோங்கள் அக்கா.

மகனுக்கு ஒரு கை மட்டும் துடிக்கிறது, பேசினால் விளங்குகிறது. இதுவும் வலிப்பா?

இருக்கலாம். மூளையின் ஒரு பகுதியில் தொடங்கும் ‘ஃபோக்கல்’ வலிப்பில் நினைவு தப்பாமலும் இருக்கும். அது முழு உடம்புக்கும் பரவவும் கூடும். நரம்பியல் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள், துடிப்பதைப் போனில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள். நினைவு தப்பினால் சரித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரி.

வாசிக்கும் கண்ணாடியில் +2.00 என்றால்?

1ஐ 2ஆல் வகுங்கள்: அரை மீற்றர். அதுதான் குவியத் தூரம், அதாவது வில்லையிலிருந்து குவியம் வரையுள்ள தூரம். நேற்றுக் காலை என் கண்ணாடியைக் கழற்றி, ஜன்னலுக்கு எதிர்ச் சுவரிலிருந்து 50 செ.மீ. தள்ளிப் பிடித்தேன். முற்றத்து வேம்பு சுண்ணாம்புச் சுவரில் தலைகீழாக, இலை அசைவதுகூடத் தெரிந்தது. பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சூரியனை மட்டும் வேண்டாம்.

50 மி.மீ. லென்ஸ் சிறிய சென்சர் கமராவில் 75 ஆகிவிடும் என்கிறார் எங்கள் ஸ்ரூடியோ அண்ணை. சரியா?

இதே கேள்வி நாலு துண்டுகளில் வந்திருக்கிறது. ஆகாது. குவியத் தூரம் வில்லையின் குணம். பின்னால் எந்தச் சென்சரை வைத்தாலும் 50 ஐம்பதுதான். சிறிய சென்சர் படத்தின் ஓரங்களை வெட்டிவிடுவதால் பார்வைக் கோணம் குறுகுகிறது. முழுச் சட்டக் கமராவில் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சர் உள்ளது) 75 போட்டால் வரும் கோணம் அது.

ஆனால் என் போனில் 26 மி.மீ. என்றே போட்டிருக்கிறதே? (அதே ஸ்ரூடியோ அண்ணை)

போனின் தடிப்பே 8 மி.மீ. அளவுதான் அண்ணை, அதற்குள் 26 எங்கே நிற்கும்? உண்மையில் சில மி.மீ. மட்டுமே. 26 என்பது முழுச் சட்டக் கமராவோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண். நீங்கள் சொல்லும் கோணக் கணக்குச் சரி, அதைக் ‘குவியத் தூரம் மாறியது’ என்று மாணவருக்குச் சொல்வதுதான் பிழை. பரீட்சையில் புள்ளி போவது அவர்களுக்கு.

டிஷ் அன்ரெனாவின் முன்னால் நீட்டிக்கொண்டிருப்பது என்ன?

டிஷ் சேர்க்கும் அலைகளை வாங்க, அதன் குவியத்தில் வைத்த கருவி. அது சற்று விலகினாலும் படம் போய்விடும்.

சூரிய கிரகணத்தைக் கறுப்புக் கண்ணாடி போட்டுப் பார்க்கலாமா?

கூடாது.