அந்தக் காணி இருக்கட்டும்

போன வாரம் கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் ஆலோசனை கேட்டு வந்தது. அம்மா, அப்பா, மகள். அம்மாவின் மடியில் ஒரு கோப்பு. அதற்குள் சாதாரண தரச் சான்றிதழ், உயர்தரப் பெறுபேறு, லண்டனில் இருக்கும் பெரியப்பா அனுப்பிய வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிகளின் பட்டியல். உயிரியல் பிரிவில் மூன்று பாடமும் சித்திதான், ஆனால் பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கிற இசட் புள்ளி மருத்துவ பீடத்துக்குக் கிட்டவும் இல்லை. "திருப்பி எடுக்கச் சொல்லுறதா, இல்லாட்டி ஊர்க் காணியை வித்து வெளியில அனுப்புறதா, நீங்களே சொல்லுங்கோ" என்றார் அப்பா. அம்மா அதற்குள் இரண்டு தரம் கண்ணைத் துடைத்துவிட்டார்.

மகள் வாயே திறக்கவில்லை. இடது கை ஆட்காட்டி விரலில் பிளாஸ்டர், வலது பெருவிரல் நகத்தடியில் கறுப்பு மை. என்ன அது பிள்ளை என்று கேட்டேன். லினோ (அச்சுக்காக உளியால் செதுக்குகிற மெத்தென்ற தகடு) வெட்டும்போது உளி வழுக்கிவிட்டதாம். போனில் தன் அச்சுப் படங்களைக் காட்டினாள். ரயில் பாதை, அதற்கு அப்பால் கடல், ஸ்டேசன் வாங்கில் குடையோடு ஒரு கிழவி. அப்புறம் தயங்கித் தயங்கி இரசாயனவியல் கொப்பியை எடுத்து நீட்டினாள். அதன் கடைசிப் பக்கத்தில் கணக்கு. கடதாசி, மை, உறை என்று செலவு ஒரு பக்கம், வாழ்த்து அட்டை விற்ற காசு மறுபக்கம். பழுதாய்ப்போன ஏழு அட்டைகளையும் செலவில் சேர்த்திருந்தாள்.

அதுவரை நான் அந்த அம்மாவுக்கு ஆறுதல்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த ஏழு அட்டைகளைக் கண்டதும் நிறுத்திவிட்டேன். பிறகு அவர்களுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். இதே மாதிரி ஒரு கோப்பை மடியில் வைத்துக்கொண்டு இன்னும் எத்தனையோ வீடுகளில் ஆட்கள் இருக்கிறார்கள்.

முதலில் காணி. அதை விற்காதீர்கள். வெளிநாட்டில் மருத்துவம் படித்து வந்தாலும், இலங்கை மருத்துவ சபைக்காக நடக்கும் பரீட்சையில் சித்தியடைந்தால்தான் இங்கே வைத்தியராக வேலை செய்யலாம். அதன்பிறகு உள்ளகப் பயிற்சி. ஆசைப்பட்டுப் படிக்கிற பிள்ளைக்கே அது நீண்ட பாதை. ஆசையில்லாத பிள்ளையை அனுப்பி, பாதியில் திரும்பி வந்த வீடுகளை நான் கண்டிருக்கிறேன். அந்த வீடுகளில் யாரும் யாரோடும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. பெரியப்பா அன்பாகத்தான் சொல்கிறார், சந்தேகமில்லை. ஆனால் காணி உறுதியில் கையெழுத்து வைக்கப்போவது நீங்கள், ஐந்தாறு வருடம் அந்தப் புத்தகங்களோடு இருக்கப்போவது அவள்.

திரும்பப் பரீட்சை எழுதுவது, கணக்கியல், கணினி, தனியார் பட்டம் பற்றியெல்லாம் உங்களுக்கு ரியூட்டரி வாசலிலேயே சொல்லிவிடுவார்கள். சித்திரத்தைப் பட்டமாகவே படிக்க விரும்பினால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகமும் இருக்கின்றன. விபரம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் இருக்கிறது. எனக்கு இங்கே சொல்ல வேண்டியது, யாருமே உங்களுக்கு ஒரு தொழிலாகச் சொல்லாத ஒன்று: படம் கீறி, அச்சடித்து, ஊரூராய்க் கண்காட்சிக்குக் கொண்டுபோய் விற்று, போகிற இடத்தில் பட்டறை வைத்துப் படிப்பித்துப் பிழைக்கிற வாழ்க்கை.

"படம் கீறிச் சாப்பிடலாமா?" என்று அம்மா கேட்டார். ஒரே ஒரு வருமானத்தை நம்பினால் சாப்பிட முடியாது. இதை ஒழுங்காகச் செய்கிறவர்களிடம் மூன்று பை இருக்கும். கண்காட்சி ஒன்று, பட்டறை ஒன்று, சொல்லிச் செய்விக்கிற வேலை ஒன்று. ஒன்று வற்றும்போது மற்றது ஓடும்.

கண்காட்சியிலிருந்து தொடங்குகிறேன். கொழும்பில் 1993ஆம் ஆண்டு ஜோர்ஜ் கீற் மன்றம் தொடங்கிய கலா பொல என்ற தெருவோர ஓவியச் சந்தை இருக்கிறது. வருடத் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனந்த குமாரசுவாமி மாவத்தை முழுக்கப் படங்கள் நிற்கும், 300க்கு மேற்பட்ட ஓவியர்கள் வருவார்கள். வாங்குகிறவர் ஓவியரிடமே விலை கேட்டு ஓவியரிடமே காசு கொடுக்கிறார். கலரிகளில் விற்றால் பொதுவாக விலையில் நூற்றுக்கு 30 முதல் 50 வரை அவர்களுக்குப் போய்விடும். அதற்கு அவர்கள் சுவரும் வாடிக்கையாளரும் தருகிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் புதிதாக வருகிற பிள்ளை தெருவில் நின்று பழகுவதுதான் நல்லது. எந்தப் படத்துக்கு முன்னால் ஆட்கள் நிற்கிறார்கள், எந்த விலையைக் கேட்டதும் நடையைக் கட்டுகிறார்கள் என்பதை ஒரே நாளில் கண்ணால் கண்டுவிடலாம்.

நம் நாட்டுக்கு இன்னொரு வசதி உண்டு. இரண்டு பருவமழை இருப்பதால் இரண்டு சுற்றுலாக் காலம். காலி, ஹிக்கடுவைப் பக்கம் கார்த்திகையிலிருந்து சித்திரை வரை ஆட்கள் வருவார்கள். அங்கே மழை பிடிக்கிற நேரத்தில் கிழக்கே திருகோணமலையும் அறுகம்குடாவும் தொடங்கும். வருடம் முழுக்க ஏதோ ஒரு கரையில் சந்தை இருக்கிறது. தமிழ்ப் பிள்ளைக்கு இதைவிட ஒன்று கூடுதலாக இருக்கிறது: நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்கள். அந்த நேரம் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ஊரை ஒரு துண்டாவது கையோடு கொண்டுபோக ஆசைப்படுவார்கள். பனங்கூடல், சங்கடப் படலை, கிணற்றடித் துலா. உங்கள் மகளின் லினோ அச்சு சூட்கேசுக்குள் மடங்காமல் போகும். பெரியப்பாவின் வீட்டுச் சுவரிலேயே ஒன்று தொங்கலாம், உண்மையாகத்தான் சொல்கிறேன்.

லினோவை நான் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எண்ணெய் வண்ணத்தில் கீறிய படம் ஒன்றை ஒருவருக்குத்தான் விற்கலாம். ஒரு லினோ கட்டையிலிருந்து 25 அச்சு எடுத்து, கீழே பென்சிலால் 3/25, 4/25 என்று இலக்கமிட்டுக் கையெழுத்து வைத்தால், ஒவ்வொன்றும் அசல். விலை குறைவு, சம்பளக்காரரும் வாங்கலாம். பாரமில்லை, யாழ்ப்பாண ரயிலில் ஒரு தட்டையான பையில் போகும். பெரிய இயந்திரமும் வேண்டாம். மை பூசிய கட்டையின் மேல் கடதாசியை வைத்து மரக்கரண்டியின் முதுகால் வட்டம் வட்டமாய்த் தேய்த்தால் போதும்.

அதனாலேயே இது படிப்பிக்கவும் லேசு. பன்னிரண்டு பிள்ளைகள், மூன்று மணித்தியாலம். லினோத் துண்டுகளைக் கொஞ்ச நேரம் வெயிலில் வைத்தால் இளகி உளிக்கு வளைந்து கொடுக்கும். பிடிக்கிற கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்கவேண்டும் (மகளின் பிளாஸ்டருக்கு அப்படி வைக்காததுதான் காரணம், அதை அவளிடமும் சொன்னேன்). பெயர் எழுதினால் கண்ணாடியில் தெரிவதுபோல மாற்றி வெட்ட வேண்டும். ஒரு பிள்ளை தன் பெயரின் முதல் எழுத்து 'அ'வைத் திருப்பி வெட்டி, அச்சடித்து, கடதாசியை உரிக்கும்போது அது நேராய்த் தெரிகிற கணத்தில் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். அடுத்த மாதம் அந்தப் பிள்ளையே தாயை இழுத்துக்கொண்டு வரும். கொழும்பில் தமிழில் படிப்பித்து, தேவைப்பட்டால் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் விளங்கப்படுத்தக் கூடியவருக்குப் பாடசாலைகள், தொடர்மாடிச் சங்கங்கள், நூலகங்கள் என்று கதவு பல. ஆகவே இந்த வருடம் அவளுக்கு ரியூஷன் தேவையென்றால் பேச்சுச் சிங்களத்துக்கு அனுப்புங்கள்.

விற்பதும் படிப்பிப்பதும் கலையைக் கெடுக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரது மாணவர்களும் தொடங்கியபோது, பத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற காசில்தான் அதை நிறுத்தினார்கள். யாழ்ப்பாணத்தில் மாற்கு மாஸ்டர் படம் கீறிக்கொண்டே ஒரு தலைமுறைக்குப் படிப்பித்தவர்.

இனிச் செலவு. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கடை வாடகை, பயணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்ந்த தொகை சின்ன அட்டைகளிலும் அச்சுகளிலுமே திரும்பி வரவேண்டும். பெரிய படம் விற்றால் லாபம், விற்கும் என்று நம்பிப் பஸ் ஏறக்கூடாது. பட்டறைக்குப் பாதிக் காசு முற்பணமாக வாங்க வேண்டும், சொந்தக்காரர் என்றாலும். ஆயத்தம் செய்கிற நேரத்துக்கும் கூலி போட வேண்டும். 2022இல் ரூபாய் சரிந்தபோது இறக்குமதி மையும் கடதாசியும் எட்டாத விலைக்குப் போனதை மறக்க வேண்டாம், கையில் ஆறு மாதப் பொருள் இருக்கட்டும். கொழும்பின் ஈரக்காற்றில் கடதாசியில் பூஞ்சணம் பிடிக்கும், அதற்கு நல்ல மூடியுள்ள பெட்டியும் சிலிக்கா ஜெல் பொதிகளும் வேண்டும். பபிள் ரப்பை வண்ணத்தின் மேல் நேரடியாகச் சுற்றினால் குமிழ்த் தடம் விழும், இடையில் வழுக்குக் கடதாசி வைக்கச் சொல்லுங்கள்.

சேமலாப நிதி இல்லையே என்று அப்பா கேட்டது நியாயமான கேள்வி. சுயதொழில் செய்கிறவர்களுக்குச் சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது, முதல் வருமானத்திலிருந்தே கட்டத் தொடங்கட்டும். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்தால் வங்கிக் கணக்கும் பாடசாலைகளுக்குக் கொடுக்கிற பில்லும் ஒழுங்காகும். பெண்பிள்ளை தனியாய் ஊர் ஊராய்ப் போவதா என்பது அம்மாவின் பயம். தனியாய்ப் போக வேண்டியதில்லை. இரண்டு மூன்று பேர் ஒரே கடையைப் பகிர்ந்து எடுப்பார்கள், வாடகையும் குறையும், சாப்பிடப் போகும்போது கடையைப் பார்க்க ஆளும் இருக்கும்.

மகளிடமும் கண்டிப்பாகவே கதைத்தேன். நாள் முழுக்க வெயிலில் நின்று, நூறு பேர் "இது எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு நடந்துபோனாலும் நூற்றியோராவது ஆளுக்குச் சிரித்துப் பதில் சொல்ல வேண்டும். அது முடியாவிட்டால் கீறுவதைப் பொழுதுபோக்காக வைத்துக்கொண்டு வேறு வேலை பார்க்கலாம், அதில் வெட்கமில்லை. அவள் யோசித்துவிட்டு, "ஸ்கூல் விழாவில ஒரு அங்கிள் மூன்று தரம் வந்து பார்த்திட்டு வாங்காமப் போனவர். நாலாம் தரம் மனிசியோட வந்து ஆறு அட்டை வாங்கினவர்" என்றாள். எனக்கு அது போதும்.

இரண்டு வருடம் கொடுங்கள். மாதா மாதம் ரியூஷனுக்குக் கட்டிய அதே தொகைக்கு மேல் ஒரு சதமும் வேண்டாம், கடனும் வேண்டாம். வருகிற கலா பொலவுக்கு மூவருமாகப் போய், வாங்காவிட்டாலும் பத்து ஓவியர்களோடு நின்று கதையுங்கள், எங்கே தங்குகிறார்கள், எப்படிப் படங்களைக் கட்டிக்கொண்டு வருகிறார்கள் என்று கேளுங்கள். பங்குனி மாதம் திரும்ப என்னிடம் வாருங்கள். அந்தக் கோப்பு தேவையில்லை, இரசாயனவியல் கொப்பியை மட்டும் கொண்டுவாருங்கள்.