பெட்ரோல் அலவன்ஸ் உண்டு, பஸ் பாஸுக்கு இல்லையா?

கேள்வி: கிண்டியில் 180 பேர் வேலை செய்யும் நிறுவனம் எங்களுடையது. நான் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். ஊழியர்கள் சொந்த வாழ்க்கையிலும் கார்பன் உமிழ்வைக் குறைக்க உதவ வேண்டும் என்கிறது நிர்வாகம். ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று மரக்கன்றும் துணிப்பையும் கொடுக்கலாம் என்றிருக்கிறோம். வேறு என்ன செய்யலாம்?

பதில்: மரக்கன்று கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருப்பவர் அதை எங்கே நடுவார்? முதலில் ஒருநாள் காலை ஒன்பது மணிக்கு உங்கள் பார்க்கிங்கில் போய் நில்லுங்கள். விஷயம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. தாம்பரத்திலிருந்து தனியாகக் காரில் வருபவருக்குப் போக வர 30 கிலோமீட்டர், நெரிசலில் 2 லிட்டர். மாதம் 25 நாள் என்றால் 115 கிலோ. பைக்கில் வருபவருக்கு 40 கிலோவுக்குள் முடிந்துவிடும். அதே தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு மின்சார ரயில் நேராக வருகிறது. பிறகு ஏன் ஏற மாட்டேன் என்கிறார்கள்?

பெரும்பாலும் காரணம் உங்கள் பஞ்சிங் மெஷின். 9.05க்கு விரல் வைத்தால் லேட், மூன்று லேட்டுக்கு அரைநாள் சம்பளம் என்று விதி இருந்தால், ரயிலை நம்பி யார் வருவார்? இருபது நிமிடம் சலுகை கொடுத்துப் பாருங்கள். ஸ்டேஷனிலிருந்து அலுவலகத்துக்குக் காலையும் மாலையும் ஒரு வேன் விடுங்கள். மே மாத வெயிலில் நடக்கச் சொல்லாதீர்கள். இரவு தாமதமானால் வீட்டுக்கு கார் ஏற்பாடு செய்வோம் என்று எழுத்தில் கொடுங்கள். அப்புறம், வண்டி வைத்திருப்பவருக்குப் பெட்ரோல் அலவன்ஸ் தருகிறீர்களே, அதே தொகையை சீசன் டிக்கெட், பஸ் பாஸ் எடுப்பவருக்கும் கொடுங்கள்.

பைக்கை விடவே முடியாதவர்களுக்கு, பார்க்கிங்கில் நான்கைந்து சார்ஜிங் பாயின்ட் போதும். மின்சார ஸ்கூட்டர் 100 கிலோமீட்டருக்கு மூன்று யூனிட் அளவில்தான் எடுக்கும். நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ உமிழ்வு என்று வைத்துக்கொண்டாலும், பெட்ரோல் வண்டியில் பாதிகூட வராது.

‘வீட்டிலிருந்தே வேலை’ என்று உடனே அறிவித்துவிடாதீர்கள். பைக்கில் வந்து போனால் நாளுக்கு ஒன்றரை கிலோ. வீட்டில் ஒருவருக்காக எட்டு மணி நேரம் ஏசி ஓடினால், ஆறு யூனிட் என்றே வைத்தாலும் நான்கு கிலோ தாண்டும். காரில் வருபவருக்குக்கூட லாபம் சொற்பம்தான்.

வீட்டுப் பக்கம் எல்லோருக்கும் பொருந்துவது ஒன்றே ஒன்று: பிஎல்டிசி (BLDC) ஃபேன், அதாவது குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் உள்ள ஃபேன். பழைய ஃபேன் 75 வாட், இது 30 வாட் அளவு. தினம் 12 மணி நேரம் ஓடினால் வருடத்துக்கு இருநூறு யூனிட் அளவுக்கு மிச்சம். மொத்தமாக வாங்கி, சம்பளத்தில் ஆறு தவணையாகப் பிடித்துக்கொள்ளுங்கள். சொந்த வீடு உள்ளவர்களுக்கு மொட்டைமாடி சோலார் உண்டு; 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. அந்த விண்ணப்பத்தை நிரப்ப உங்கள் அட்மின் பிரிவில் ஒருவர் உதவினாலே பாதி பேர் தயங்க மாட்டார்கள்.

யாரிடமும் கரண்ட் பில் கேட்காதீர்கள், ‘பசுமை ஊழியர்’ போட்டியும் வேண்டாம். வைத்தால், பஸ்ஸில் வந்து போகும் ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள்தான் எல்லாப் பரிசையும் வாங்குவார்கள்.