தண்ணீருக்காக ஓடுகிறோம், பணத்தை எப்படிக் கொடுப்பது?

கேள்வி: என் மகளின் பள்ளியில் ஜூன் மாதம் 6 கிலோமீட்டர் ஓட்டம் நடத்தி, அந்தப் பணத்தில் உகாண்டாவில் ஒரு கிராமப் பள்ளிக்கு போர்வெல் போட்டுத் தரப்போகிறோம். பெற்றோர் சார்பில் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. குடிநீர்த் துறையில் கைபம்பு வேலை பார்த்தவர் நீங்கள். எதைக் கவனிக்க வேண்டும், ஐயா?
– ஒரு வாசகி, மிசிசாகா, கனடா

பதில்: உங்கள் ஒன்டாரியோவிலேயே இதற்கு ஒரு முன்னோடி உண்டு, அம்மா. 1998-ல் ரயன் ஹ்ரெல்ஜாக் என்ற ஆறு வயதுப் பையன், 70 டாலருக்குக் கிணறு கிடைக்கும் என்று வகுப்பில் கேட்டு, வீட்டு வேலை செய்து அந்தப் பணத்தைச் சேர்த்தான். கொண்டுபோய்க் கொடுத்தபோதுதான், 70 டாலர் கைபம்புக்கு மட்டும்தான், கிணறு தோண்ட 2,000 டாலர் ஆகும் என்று தெரிந்தது. பையன் விடவில்லை. 1999-ல் வடக்கு உகாண்டாவில் அங்கோலோ ஆரம்பப் பள்ளியில் கிணறு வந்தது.

நான் சொல்ல வருவது அதற்கு அடுத்த கணக்கை. பம்புக்கு ஒரு விலை, கிணற்றுக்கு ஒரு விலை இருப்பது போல, அது பத்து வருஷம் ஓடுவதற்கும் ஒரு விலை இருக்கிறது. ஆப்பிரிக்காவில் சஹாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளில் நாலில் ஒரு கைபம்பு ஓடாமல் நிற்கிறது என்பது ஆய்வாளர்கள் சொல்லும் மதிப்பீடு.

உகாண்டாவில் நீங்கள் பார்க்கப்போகும் பம்பு பெரும்பாலும் நம்முடைய இந்தியா மார்க் 2 வகைதான். 1970-களில் யுனிசெஃப் உதவியோடு சென்னையில் உருவாகி, கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆழ்கிணறுகளில் சோதித்துப் பார்த்த பம்பு அது. நல்ல உழைப்பாளி. ஆனால் வாஷர் தேய்ந்தால் முக்காலி நிறுத்தி, மூன்று மீட்டர் இரும்புக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே எடுக்க வேண்டும். கடைசியில் வரும் சிலிண்டரைத் திறந்தால் உள்ளங்கையில் அடங்கும் ஒரு வாஷர், ஓரம் மழுங்கிக் கிடக்கும். அதை மாற்ற ஐந்து நிமிஷம். மேலே கொண்டுவர நாலு ஆள், அரை நாள். அந்த நாலு ஆளும் ஸ்பேனரும் வாஷரும் ஊருக்குப் பக்கத்தில் இல்லையென்றால், பம்பு நின்ற அன்றே பிள்ளைகள் பழைய குட்டைக்குப் போய்விடுவார்கள்.

அதனால் பணம் கொடுக்கப்போகும் அமைப்பிடம் முதலில் இதைக் கேளுங்கள்: மூன்று வருஷத்துக்கு முன் நீங்கள் போட்ட பம்புகளில் இன்று எத்தனை ஓடுகிறது? பட்டியல் கையில் இருந்தால் உடனே தருவார்கள். திறப்பு விழாப் படங்களை மட்டும் அனுப்பினால் வேறு இடம் பாருங்கள். ஊரில் தண்ணீர்க் குழு இருக்கிறதா, வீட்டுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் வசூலிக்கிறதா, மெக்கானிக் யார் என்றும் கேளுங்கள். குழாய் என்ன ரகம் என்பதும் முக்கியம். உகாண்டாவில் அமிலத்தன்மை உள்ள நிலத்தடி நீரில் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்கள் அரித்து, தண்ணீர் துருநிறமாகி, ஊர்க்காரர்கள் அந்தப் பம்பையே கைவிட்ட இடங்கள் உண்டு.

தண்ணீரைச் சோதிக்காமல் பம்பை ஒப்படைக்கவே கூடாது. பங்களாதேஷில் கிருமியில்லாத தண்ணீர் என்று நம்பி லட்சக்கணக்கில் குழாய்க் கிணறு போட்டார்கள். அதில் ஆர்சனிக் என்ற நஞ்சு இருப்பது 1993-ல்தான் தெரியவந்தது. அதற்குள் ஜனங்கள் வருஷக்கணக்கில் குடித்திருந்தார்கள். நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

ஓட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீருக்கு நடக்கிற சராசரி தூரம் என்று பரவலாகச் சொல்லப்படுவதும் அதே 6 கிலோமீட்டர்தான், சரியாகத்தான் வைத்திருக்கிறீர்கள். டீ-ஷர்ட்டுக்கும் மெடலுக்கும் காசைக் கரைக்காதீர்கள். புது போர்வெல்லுக்குப் பணம் போதாவிட்டால், நின்றுபோன பம்பு ஒன்றைச் சரிசெய்து தருவதாக அறிவியுங்கள். அதற்கும் பிள்ளைகள் அதே உற்சாகத்தோடுதான் ஓடுவார்கள்.

கேள்வி: நம்ம ஊரிலேயே குடத்தோடு நிற்கிறார்கள். ஆப்பிரிக்காவுக்கு ஏன் அனுப்ப வேண்டும்?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: 1967 வறட்சியில் பாறையைத் துளைக்கும் ரிக்குகளை யுனிசெஃப் நமக்கு விமானத்தில் கொண்டுவந்து இறக்கியது. எங்கோ யாரோ கொடுத்த காசு அது. அன்று அவர்கள் உங்கள் கேள்வியைக் கேட்டிருந்தால் பல ஊர்களில் தண்ணீர் வந்திருக்காது. அப்புறம், உங்கள் தெருப் பம்பு நின்று போயிருந்தால் எத்தனை நாளாக நிற்கிறது என்ற விவரத்தோடு எனக்கு எழுதுங்கள். ஊராட்சிக்குக் கொடுக்க வேண்டிய மனுவை நானே எழுதித் தருகிறேன்.