எந்த மட்டைக்கு முதல் காசு?

கேள்வி: அண்ணா, நான் களுவாஞ்சிக்குடியிலிருந்து எழுதுகிறேன். நானும் அக்கரைப்பற்றில் இருக்கிற என் மச்சானும் போனில் 'கோல்ஃப் கிளாஷ்' விளையாடுகிறோம். டிரைவர், வுட், ஷார்ட் அயர்ன், சாண்ட் வெட்ஜ் என்று நாலு மட்டைகளை அப்கிரேட் செய்ய என்னிடம் கார்ட் சேர்ந்திருக்கிறது. ஆனால் ஆட்டத்தில் சேர்த்த காசு இரண்டுக்குத்தான் காணும். இரண்டையும் ஏற்றினால் இப்போது ஆடுகிற டூரில் (ஆட்டத்தின் படிநிலையில்) ஓர் ஆட்டத்துக்குக் கட்டக்கூட மிச்சம் வராது. "டிரைவரை முதல் ஏத்து, மறுகா மற்றதைப் பாப்பம்" என்கிறான் மச்சான். உண்மைக் காசு கொடுத்து ஜெம் (ஆட்டத்துக்குள் செல்லும் ரத்தினம்) வாங்கினால் பிரச்சினையே இல்லை என்றும் சொல்கிறான். நான் என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, இரண்டையும் சேர்த்து ஏற்றுவதை இப்போதே மறந்துவிடுங்கள். ஒன்று போதும். அதுவும் இன்றைக்கே வேண்டுமென்றில்லை.

இந்த ஆட்டத்தில் காசுக்கு இரண்டு வேலை. மட்டையை ஏற்றுவதும் அதில்தான், ஆட்டத்துக்குள் நுழையக் கட்டுவதும் அதில்தான். இருவரும் கட்டுகிறீர்கள், வென்றவர் மொத்தத்தையும் அள்ளுகிறார். கை வெறுமையானால் கீழே உள்ள டூருக்கு இறங்கிச் சில்லறை பொறுக்க வேண்டும். அங்கே கிடைக்கிற பெட்டிகளில் கார்டும் குறைவு. ஏற்றிய மட்டையைத் திருப்பிக் கொடுத்துக் காசு கேட்கவும் வழியில்லை. என்னைக் கேட்டால், உங்கள் டூரில் தொடர்ந்து ஏழெட்டு ஆட்டம் தோற்றாலும் தாங்குகிற அளவு காசைத் தொடாமல் வைத்துவிட்டு, அதற்கு மேலே இருப்பதைத்தான் மட்டைக்குக் கொடுக்க வேண்டும். அப்படித் தொடர்ந்து தோற்பது எவருக்கும் வரும். நம்மூர்க் கச்சான் காற்றைப் போல, வீசத் தொடங்கினால் இலேசில் ஓயாது.

சரி, அந்த ஒன்று எது?

உங்கள் மச்சான் டிரைவர் என்பதில் நியாயம் இருக்கிறது. பார் 4, பார் 5 குழிகளில், அதாவது நாலு, ஐந்து அடிகளில் முடிக்க வேண்டிய குழிகளில், முதல் அடி அதுதான். மற்ற மட்டைகள் அந்தப் பந்து எங்கே போய் விழுந்தது என்பதைப் பார்த்துத்தான் கைக்கு வரும். ஆனால் ஒரு லெவல் ஏற்றினால் டிரைவரில் கூடுகிற தூரம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தால் உங்களுக்கு ஓர் அடி மிச்சமாகுமா? இதைத்தான் பார்க்க வேண்டும். ஒரு டூரில் திரும்பத் திரும்ப வருகிற குழிகள் சிலதான், அவை உங்களுக்கு மனப்பாடமாகியிருக்கும். தண்ணீருக்கு அந்தப் பக்கம் பந்தை விழுத்தச் சில யார்டு போதாமல் சுற்றிப் போகிற குழி ஏதும் இருக்கிறதா? பார் 5 குழியில் இரண்டாவது அடி கிரீனுக்கு (குழியைச் சுற்றிய வழவழப்பான புல்தரைக்கு) சற்று முன்னால் படுத்துவிடுகிறதா? இருந்தால் டிரைவரை ஏற்றுங்கள், பேச்சே இல்லை. அப்படி எதுவும் இல்லை, பந்து இப்போதே நல்ல இடத்தில்தான் விழுகிறது, பத்து யார்டு முன்னால் விழுந்தாலும் அடுத்த அடிக்கு அதே மட்டையைத்தான் எடுக்கப் போகிறேன் என்றால், அந்தக் காசால் கிடைப்பது பார்க்க ஒரு நீளமான அடி மட்டுமே.

உண்மைக் கோல்ஃபிலும் இந்தச் சண்டை உண்டு. நம் பக்கத்து ஆட்களுக்கு அது நுவரெலியா போகும்போது பஸ் ஜன்னலால் தெரிகிற பச்சைத் திடல். 1889இல் தொடங்கிய கிளப் அது. பையில் 14 மட்டைக்கு மேல் வைத்து ஆடக் கூடாது என்பது கோல்ஃப் விதி. அதனால் எந்த மட்டை முக்கியம் என்ற விவாதம் அங்கே ஓய்ந்ததே இல்லை. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, அமெரிக்க பி.ஜி.ஏ. டூரில் பதிவான அடிகளைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். முன்னணி ஆட்டக்காரர்கள் மற்றவர்களைவிட மேலே நிற்பதில் சுமார் 40 சதவீதம், கிரீனை நோக்கி அடிக்கிற அப்ரோச் அடிகளால் வந்தது. டிரைவர் அடிக்குச் சுமார் 28 சதவீதம். எல்லோரும் பெரிதாகப் பேசுகிற புட்டிங்குக்கு, அதாவது கிரீனில் பந்தை உருட்டிக் குழியில் போடுவதற்குக் கிடைத்தது 15 அளவுதான்.

போன் ஆட்டத்துக்கு இந்தக் கணக்கு அப்படியே ஒட்டாது. இங்கே ஒரே குழி, எதிரே ஒரே ஆள், புட்டருக்குக் கார்டே கிடையாது. ஆனால் அப்ரோச் அடியின் மதிப்பு இங்கே இன்னும் கூடுகிறது என்பது என் எண்ணம். காரணம் ஷூட் அவுட். இருவரும் சமமாக முடித்தால் ஆளுக்கு ஓர் அடி. யாருடைய பந்து கொடிக்குக் கிட்ட நிற்கிறதோ அவருக்குத்தான் முழுக் காசும். உங்கள் லெவலில் சம ஆட்டங்கள் அடிக்கடி வரும். அந்த ஓர் அடியில் எதிராளியின் டிரைவர் எவ்வளவு பெரியது என்பது செல்லாது.

ஆகவே உங்கள் நாலில் நான் முதலில் பார்ப்பது ஷார்ட் அயர்னை. பார் 3 குழியிலும் அது வரும், பார் 4இல் இரண்டாவது அடிக்கும் வரும். ஆனால் காசைக் கொடுக்கும் முன் அப்கிரேட் திரையை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். பவர் (தூரம்), அக்யூரசி (துல்லியம்), டாப் ஸ்பின் (முன்னோக்கிய சுழற்சி), பேக் ஸ்பின் (பின்னோக்கிய சுழற்சி), கர்ல் (பக்கவாட்டு வளைவு), பால் கைட் (பந்து போகும் வழியைக் காட்டும் கோடு) என்று ஆறு எண்கள் இருக்கும். எல்லாம் ஒரே அளவில் ஏறாது. ஷார்ட் அயர்னில் பவர் மட்டும் ஏறுகிறதென்றால் அவசரமே இல்லை, தூரம் போதாவிட்டால் அதைவிட நீளமாக அடிக்கிற லாங் அயர்னை எடுத்துக்கொள்ளலாம். அக்யூரசியோ பேக் ஸ்பினோ ஏறுகிறதென்றால் கொடுங்கள். கிரீனில் விழுந்த பந்து உருண்டு ஓடாமல் நிற்பதற்கு பேக் ஸ்பின்தான் உதவி.

டிரைவருக்கு அடுத்த தூரம் அடிக்கிற வுட் விஷயத்தில் ஒரு கேள்வி: அது எந்த வுட்? நீங்கள் எழுதவில்லை. ஒரே வகைக்குள்ளேயே பல மட்டைகள் இருக்கின்றன. துல்லியத்துக்குப் பேர்போன 'ஸ்நைப்பர்' போன்ற ஒன்று பின்னால் வந்தால் இப்போதிருப்பதை நீங்கள் தூக்கிக்கூடப் பார்க்க மாட்டீர்கள். கீழ் லெவல்களில் ஏற்றுவது மலிவு என்பதால் பாதகமில்லை. மேலே போகப் போக விலை பாய்ந்து ஏறும். அடுத்த இரண்டு டூருக்கும் இதே வுட்தான் பையில் இருக்கும் என்று மனதில் பட்டால் மட்டும் அதில் பெரிய காசு போடுங்கள்.

சாண்ட் வெட்ஜ் கடைசி. மணல் பள்ளத்தில் விழுந்த பிறகுதான் அதற்கு வேலை. கார்ட் சேர்ந்துவிட்டது, திரையில் மின்னுகிறது என்பதற்காக ஏற்றத் தோன்றும். மின்னட்டும்.

நான் இவ்வளவு சொன்னாலும், நீங்கள் எப்படித் தோற்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியாது. ஒரு பழைய கொப்பியை எடுத்து இந்த வாரம் தோற்கிற ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள். தூரம் போதாமல் தோற்றதா? காற்றைத் தப்பாகக் கணித்ததா? அடிக்கும்போது திரையில் ஆடுகிற ஊசி நடுவுக்கு வரும் முன் விரலை எடுத்ததா? சிக்னல் போய் நேரத்துக்குள் அடிக்க முடியாமல் போனதா? தூரம் என்று வரிகள் கூடினால் மச்சான் வென்றார், டிரைவர்தான். ஊசி என்று கூடினால் எந்த மட்டையையும் ஏற்றாமல் கீழ் டூரில் விரலைப் பழக்குங்கள், அங்கே தோற்றாலும் நட்டம் சின்னது. சிக்னல் என்றால் வீட்டில் எந்த மூலையில் நல்லாக இழுக்கிறது என்று பார்த்து அங்கேயே உட்கார்ந்து ஆடுங்கள். அதுவும் ஓர் அப்கிரேட்தான், இலவசம்.

காற்றைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. மட்டையை ஏற்றின கையோடு பெரிய ஆட்டத்துக்குப் போகாதீர்கள். அக்யூரசி கூடும்போது, பந்து விழுமிடத்தைக் காட்டுகிற குறிவட்டங்கள் சுருங்கும். எத்தனை மைல் காற்றுக்கு எத்தனை வட்டம் நகர்த்துவது என்று நீங்கள் கண்ணளவில் பழகி வைத்த கணக்கு அன்றைக்கே பழசாகிவிடும். அதே மட்டையை அதன் முழுத் தூரத்துக்கு அடிக்கும்போதும் பாதித் தூரத்துக்கு அடிக்கும்போதும் கணக்கு வேறு. "அப்கிரேட் செய்த பிறகுதான் அதிகம் தோற்கிறேன்" என்று பலர் புலம்புவதன் காரணம் இதுதான். மட்டை கெட்டுப் போகவில்லை, கணக்கைப் புதுப்பிக்கவில்லை. சின்ன டூரில் சில ஆட்டம் ஆடிப் புதிய வட்டத்துக்குக் கண்ணைப் பழக்கிவிட்டு மேலே வாருங்கள்.

ஜெம் வாங்குவதா? விளையாட்டு இலவசம்தான். ஆனால் இதைச் செய்த மான்செஸ்டர் நகரத்து பிளேடெமிக் நிறுவனத்தை இலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2021இல் 140 கோடி அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. இலவச ஆட்டத்துக்கு அந்த மதிப்பு வந்தது காத்திருக்கப் பொறுமையில்லாதவர்களின் பணத்தால்தான். ஜெம் வாங்குவது பெரும்பாலும் நேரத்தை வாங்குவது, பெட்டி இப்போதே திறக்கும், அவ்வளவுதான். பெட்டியை உடனே திறந்தாலும் உள்ளே உங்களுக்கு வேண்டிய மட்டையின் கார்டே வரும் என்று உறுதியில்லை. நீண்ட நேரம் எடுக்கிற பெட்டியை இரவில் படுக்கும் முன் திறக்கப் போட்டுவிட்டுத் தூங்குங்கள். குறுகிய நேரப் பெட்டிகளைப் பகலில் பார்த்துக்கொள்ளலாம். சொந்த உழைப்பில் வந்த காசில் கொஞ்சம் செலவழித்தே தீருவேன் என்றால் அது உங்கள் இஷ்டம், குறை சொல்ல மாட்டேன். வீட்டாரின் வங்கிக் கார்டை மட்டும் போனில் சேமித்து வைக்காதீர்கள்.

மச்சானிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: அவர் இப்போது எந்த டூரில் ஆடுகிறார்? உங்களைவிட மேலே என்றால் அங்கே குழிகள் நீளமாக இருக்கும், தூரம் போதாமல் திணறுவது அவருக்கு அன்றாடப் பிரச்சினை. அவர் டிரைவரை முதலில் ஏற்றியது அவருக்குச் சரிதான். நீங்கள் அந்த டூருக்குப் போகும்போது உங்களுக்கும் சரியாக இருக்கலாம். இப்போதைக்கு ஷார்ட் அயர்னை ஏற்றிவிட்டு, டிரைவர் கார்டை அப்படியே வைத்திருங்கள்.