மறதியின் அச்சமும் தியானமும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

கூட்டுறவு வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்கு இப்போது 67 வயது. என் அம்மா கடைசி ஆறு ஆண்டுகள் மறதி நோயோடு இருந்து மறைந்தார். இறுதியில் என்னையே யார் என்று கேட்டார். இப்போது சாவியை வைத்த இடம் மறந்தால்கூட, எனக்கும் அது தொடங்கிவிட்டதோ என்று நெஞ்சு படபடக்கிறது. தினமும் அரைமணி நேரம் தியானம் செய்தால் மூளை சுருங்காது, மறதி நோய் வராது என்று ஒரு காணொளியில் பார்த்துவிட்டு எங்கள் ஊர் தியான வகுப்பில் சேர்ந்தேன். மூட்டுத் தேய்மானத்தால் தரையில் உட்கார முடியவில்லை. கண்ணை மூடினால் அம்மாவின் முகம் வருகிறது; இல்லையென்றால் தூங்கிவிடுகிறேன். அந்தக் காணொளியில் சொன்னது உண்மையா? நாற்காலியில் அமர்ந்து செய்தால் பலன் உண்டா? இந்த வயதில் தொடங்குவது காலம் கடந்த செயலா?

– ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள அம்மா,

தியானம் மறதி நோயைத் தடுக்கும் என்பதற்கு இன்றுவரை உறுதியான சான்று கிடையாது. தங்கள் அச்சத்தை அறிந்தும் இதை முதலிலேயே சொல்கிறேன். ஏனெனில் மூளையைக் காப்பாற்றும் மருந்தாக நினைத்து தியானத்தில் அமர்பவருக்கு, ஒவ்வொரு முறை மனம் அலையும்போதும் அதுவே நோயின் அறிகுறியாகத் தோன்றும், அந்த அரைமணி நேரமும் தேர்வு எழுதுவது போலக் கழியும்.

இந்தக் கேள்வியை மிகுந்த பொறுமையோடு ஆராய்ந்தவர்கள் பிரான்சின் கான் நகரத்து ஆய்வாளர்கள். 65 வயதைக் கடந்த 137 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குத் தியானமும், இன்னொன்றுக்கு ஆங்கில மொழியும் 18 மாதங்கள் கற்பித்தார்கள். மூன்றாம் குழு வழக்கமான வாழ்க்கையைத் தொடர்ந்தது. தியானக் குழுவினர் முதல் ஒன்பது மாதங்கள் மூச்சையும் உடலையும் கவனிக்கும் பயிற்சியும், அடுத்த ஒன்பது மாதங்கள் தமக்கும் பிறருக்கும் நலம் நினைக்கும் பயிற்சியும் செய்தார்கள். வாரந்தோறும் வகுப்பு, வீட்டில் தினமும் 20 நிமிடமாவது பயிற்சி. 2022இல் முடிவுகள் வெளியாயின. கவனத்துக்கும் உணர்ச்சிகளுக்கும் தொடர்புடைய இரண்டு மூளைப் பகுதிகளின் அளவிலோ இரத்த ஓட்டத்திலோ குழுக்களுக்கிடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு தென்படவில்லை. அதே ஆண்டு அமெரிக்காவில், ஞாபகம் குறைகிறது என்று கவலைப்பட்ட, 65 முதல் 84 வயது வரையிலான 585 பேரிடம் நடந்த ஆய்விலும் தியானமோ உடற்பயிற்சியோ இரண்டும் சேர்ந்தோ நினைவாற்றலைக் கூட்டவில்லை.

அப்படியானால் காணொளிகள் பேசும் ஆய்வுகள் எங்கிருந்து வந்தன? அவற்றில் பல, நெடுங்காலம் தியானம் செய்த ஒரு சிலரின் மூளையைத் தியானமே செய்யாதவர்களின் மூளையோடு ஒப்பிட்டவை. இருபது ஆண்டுகள் தொடர்ந்து தியானம் செய்பவர் புகைபிடிக்காதவராக, வசதியும் ஓய்வும் உள்ளவராக, உணவில் கட்டுப்பாடு உடையவராகவும் இருக்க வாய்ப்பு அதிகம். வேறுபாடு எதனால் வந்தது என்று அங்கே பிரித்துச் சொல்ல முடியாது.

ஆனால் கான் நகரத்து ஆய்வு அத்தோடு நிற்கவில்லை. கவனத்தை நிலைநிறுத்துவது, உணர்ச்சிகளைக் கையாள்வது, தன்னை அறிவது ஆகியவற்றைச் சேர்த்து அளந்தபோது, மொழி கற்றவர்களைவிடத் தியானம் செய்தவர்கள் முன்னேறியிருந்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் தூக்கமின்மையால் அவதிப்பட்ட 49 முதியவர்களிடம் நடந்த சிறிய ஆய்வில், ஆறு வாரத் தியானப் பயிற்சி பெற்றவர்களின் தூக்கம், தூக்கத்துக்கான நல்ல பழக்கங்களை மட்டும் கற்றவர்களின் தூக்கத்தைவிட மேம்பட்டது. முதுமையில் நன்றாகத் தூங்குவதும், பயம் வரும்போது அதில் அடித்துச் செல்லப்படாமல் இருப்பதும் என் கணக்கில் சிறிய லாபங்கள் அல்ல. தங்களை இன்று வாட்டுவது மறதி நோய் அல்ல, அதைப் பற்றிய அச்சம். தியானத்துக்கு அந்த அச்சத்தின் மீது வேலை இருக்கிறது.

இனி உட்காரும் முறை. நாற்காலியில் தாராளமாக அமருங்கள். சம்மணமிட்டால்தான் தவம் என்ற எண்ணத்தால் எத்தனையோ பெரியவர்கள் தேய்ந்த மூட்டை மேலும் வருத்திக்கொள்கிறார்கள். எனக்கு அது வேதனையாக இருக்கிறது. கைப்பிடியும் உறுதியான கால்களும் உள்ள சாதாரண மர நாற்காலி போதும். இரண்டு பாதங்களும் தரையில் முழுதாகப் படியட்டும். எட்டவில்லையென்றால் ஒரு மனைப்பலகையைப் போட்டுக்கொள்ளுங்கள். அரைமணி வேண்டாம், பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். மூச்சை இழுக்கவோ அடக்கவோ வேண்டாம். தானாக வெளியேறும் மூச்சை ஒன்று, இரண்டு என்று பத்து வரை எண்ணி, மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். நான்காவது எண்ணிலேயே மனம் எங்கோ போயிருக்கும். போனது தெரிந்த அந்தக் கணம்தான் பயிற்சி. திரும்பவும் ஒன்றிலிருந்து எண்ணலாம். முடித்தவுடன் சட்டென்று எழாதீர்கள். கணுக்காலைச் சற்று அசைத்து, கைப்பிடியைப் பற்றி மெல்ல எழுந்து, ஓரிரு மூச்சு நின்ற பிறகு நடங்கள். இந்த வயதில் எழும்போது இரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றி விழுபவர்கள் உண்டு.

தூக்கம் வந்தால் கண்ணைப் பாதி திறந்து வையுங்கள், அல்லது நடந்து தியானம் செய்யுங்கள். பர்மாவின் மகாசி என்ற பௌத்தத் தியான மரபில் இதற்குத் தனி இடமே உண்டு: பாதம் எழுவதையும், முன்னே நகர்வதையும், தரையில் பதிவதையும் கவனித்தபடி நடப்பது. சுவரை ஒட்டி, தேவையானால் அதைத் தொட்டுக்கொண்டு, பகலில் வெறுங்காலோடு பத்தடி போய் வாருங்கள். மதிய உணவுக்குப் பிறகு மட்டும் உட்காராதீர்கள்.

அம்மாவின் முகம் வருவதாக எழுதியிருந்தீர்கள். அதை விரட்ட வேண்டாம். ஆறு ஆண்டுகள் பராமரித்த ஒருவருக்கு, மௌனமாக அமர்ந்ததும் அந்த நினைவு வருவதுதான் இயல்பு. வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை மன்றங்களில் தவத்தின் முடிவில் ‘வாழ்க வளமுடன்’ என்று பெயர் சொல்லி வாழ்த்துவதைப் பார்த்திருப்பீர்கள். கான் நகரத்தவர் இரண்டாம் ஒன்பது மாதங்கள் செய்ததும் கிட்டத்தட்ட அதுதான். அம்மாவின் முகம் வரும்போது அவருக்காக ஒரு நல்ல சொல்லை மனத்தில் சொல்லுங்கள். பிறகு அதே சொல்லைத் தங்களுக்கும் சொல்லிக்கொள்ளுங்கள். பராமரித்தவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். ஒருவேளை துயரம் நாளுக்கு நாள் கூடினால், பயிற்சியை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள்.

மூச்சை நீண்ட நேரம் அடக்குவது, கபாலபாதி போல வேகமாக மூச்சை உதறுவது ஆகியவை உயர் இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்களுக்கு ஏற்றவையல்ல. எந்த வகுப்பில் யார் சொன்னாலும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

சாவி மறப்பதைப் பற்றி: பதற்றத்தோடும் தூக்கக் குறைவோடும் இருப்பவர், சாவியை வைக்கும்போதே அதைக் கவனிப்பதில்லை. பழகிய தெருவில் வழி தவறுவதும், வாழ்நாள் முழுதும் கணக்கு எழுதிய தங்களுக்கு வரவு செலவு குழம்புவதும் வேறு வகை. அப்படி ஏதேனும் நேர்ந்தால் நரம்பியல் மருத்துவரிடம் செல்லுங்கள். பி12 குறைபாடு, தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு இவற்றாலும் மறதி வரும், இவை சரிசெய்யக்கூடியவை. லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக் குழு 2024இல் மறதி நோய்க்கான, மாற்றக்கூடிய 14 காரணங்களை வரிசைப்படுத்தியது. உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், கெட்ட கொழுப்பு, கேட்கும் திறன் குறைவது, பார்வைக் குறையைக் கவனிக்காமல் விடுவது, உடல் உழைப்பின்மை, மனிதர்களோடு பழகாமை எல்லாம் அதில் இருக்கின்றன. நம் பெரியவர்களில் பலர் கண்ணாடி போட்டுக்கொள்வார்கள், காதுக்கருவி என்றால் மறுத்துவிடுவார்கள். தாங்கள் காதைப் பரிசோதித்து எத்தனை நாளாயிற்று? இந்த மாதமே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அதனால்தான் வகுப்பை விட்டுவிடாதீர்கள் என்கிறேன். வீட்டில் தனியே அமர்வதைவிட, வாரம் ஒருமுறையேனும் அங்கே நடந்து போய், நாலு பேரோடு அமர்ந்து, பேசிவிட்டு நடந்தே திரும்பினால், மேலே சொன்ன காரணங்களுள் உடல் உழைப்பின்மை, பழகாமை இரண்டும் சேர்ந்தே விலகும். ஆசிரியரிடம் நாற்காலி ஒன்று கேளுங்கள். தாங்கள் கேட்டால், தயங்கி நிற்கும் மற்றவர்களும் கேட்பார்கள்.

காலம் கடந்துவிட்டதா என்ற கேள்விக்கு, கான் நகரத்து ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 69. பதினெட்டு மாதங்கள் முடிந்தபோது, 137 பேரில் ஒருவரைத் தவிர அனைவரும் கடைசி வரை இருந்தார்கள்.

அன்புடன்.