எத்தனை பாயிண்ட் என்று சொல்லிக் கேளுங்கள்

கேள்வி: எனக்குப் பார்வை குறைவு. கண்ணாடி போட்டாலும் பாடப்புத்தக எழுத்து தெரியாது, பெரிதாக்கினால் படிப்பேன். பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. வகுப்பு தொடங்க 2 மாதம் இருக்கிறது. பள்ளியில் எல்லாவற்றையும் ஆசிரியர்களே பார்த்துக்கொண்டார்கள். இங்கே மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கென்று ஓர் உதவிப் பிரிவு இருக்கிறதாம். அங்கே என்ன கேட்க வேண்டும், எப்போது கேட்க வேண்டும்?

பதில்: இந்த வாரமே கேளுங்கள். சேர்க்கைப் படிவத்தில் 'மாற்றுத்திறனாளி' என்ற கட்டத்தில் குறியிட்டிருப்பீர்கள். அந்தத் தகவல் தானாக உதவிப் பிரிவுக்குப் போய்விடும் என்று இருந்துவிடாதீர்கள். பெரும்பாலும் அங்கே தனியாகப் பதிவு செய்ய வேண்டியிருக்கும். ஒவ்வொரு பருவத்துக்கும் அதைப் புதுப்பிக்க வேண்டுமா என்பதையும் அன்றே கேட்டுக்கொள்ளுங்கள்.

பதிவுக்கு மருத்துவச் சான்று வேண்டும். '6/60' (மற்றவர்கள் 60 மீட்டரில் படிப்பதை நீங்கள் 6 மீட்டரில்தான் படிக்க முடியும்) என்று மட்டும் எழுதிய சான்றை வைத்து உதவிப் பிரிவினரால் அதிகம் செய்ய முடியாது. எந்த அளவு எழுத்தைப் படிக்க முடிகிறது, எவ்வளவு நேரத்தில் கண் களைக்கிறது, வெளிச்சம் கூசுமா, பக்கவாட்டுப் பார்வை எப்படி என்று நான்கு வரி சேர்த்து எழுதித் தரும்படி கண் மருத்துவரிடம் கேளுங்கள். உங்களுக்குக் கிடைக்கப்போகும் ஏற்பாடுகள் அந்த நான்கு வரியை வைத்துத்தான் முடிவாகும். பேராசிரியர்களுக்குப் போகும் கடிதத்தில் என்ன ஏற்பாடு தேவை என்பது இருந்தால் போதும், நோயின் பெயர் வேண்டாம் என்று சொல்லலாம்.

அடுத்தது புத்தகம். பார்வைக் குறைவுள்ள மாணவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். அச்சுப் புத்தகத்தை ஸ்கேன் செய்து, படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணும் ஓசிஆர் மென்பொருள் மூலம் எழுத்தாக்கி, பிழை திருத்தி, அட்டவணைகளைச் சரிசெய்து தருவதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதனால் முதல் பருவத்தின் நூல் பட்டியலைத் துறையிடம் இப்போதே வாங்கி உதவிப் பிரிவிடம் கொடுத்துவிடுங்கள். எந்த அத்தியாயம் எந்த வாரம் வரும் என்று தெரிந்தால் அதையும் குறித்துக் கொடுங்கள். முழுப் புத்தகத்துக்காகக் காத்திருக்காமல் முதல் 2 அத்தியாயத்தையாவது முன்னால் வாங்கிவிடலாம்.

கோப்பு கையில் வந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். பிடிஎஃப்பைத் திறந்து கண்ணில் படும் ஒரு சொல்லைத் தேடல் கட்டத்தில் தட்டச்சு செய்யுங்கள். அகப்படவில்லை என்றால், அது பெரும்பாலும் வெறும் படம். பெரிதாக்கிப் பார்க்கலாமே தவிர, திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் என்விடிஏ போன்ற திரைவாசிப்பானுக்கு அதில் படிக்க எழுத்தே இருக்காது. தமிழ்க் கோப்பில் இன்னொரு வம்பும் உண்டு. ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டும்போது ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக வந்தால், அது யூனிகோடுக்கு (எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) முந்தைய எழுத்துரு. திரைவாசிப்பான் அதை உளறலாகவே படிக்கும். 'யூனிகோடுக்கு மாற்றித் தாருங்கள்' என்று கேட்டு வாங்குங்கள்.

'பெரிய எழுத்தில் வேண்டும்' என்று மட்டும் சொன்னால், ஏ4 தாளை ஏ3 ஆக ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் எழுத்து 1.41 மடங்குதான் வளரும். 12 பாயிண்ட் (எழுத்தின் அளவைச் சொல்லும் அலகு) 17 ஆகும். பொருளாதார வரைபடத்தின் அச்சுகளில் உள்ள 8 பாயிண்ட் எண்கள் 11-ஐத்தான் எட்டும். கண்ணருகே பிடித்துப் படிப்பவருக்கு ஏ3 தாளைத் திருப்புவதே பெரும்பாடு. 18 அல்லது 24 பாயிண்டில் மறுபடி தட்டச்சு செய்த ஏ4 தாளாகக் கேளுங்கள். எந்த அளவு சரிப்படும் என்று வீட்டிலேயே அச்செடுத்து, அரை மணி நேரம் தொடர்ந்து படித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். பார்வைப் பரப்பு குறுகியவர்களுக்கு எழுத்து பெரிதானால் ஒரு பார்வையில் அகப்படும் சொற்கள் குறைந்து வேகம் இன்னும் விழும். அவர்களுக்குக் கறுப்பு வெள்ளை எடுப்பாக இருப்பதே உதவும். வரைபடங்களில் சிவப்புக் கோடு, பச்சைக் கோடு என்று நிறத்தை மட்டும் நம்பாமல் புள்ளிக் கோடு, தடித்த கோடு என்று பிரித்து வரையச் சொல்லுங்கள்.

தேர்வில் கூடுதல் நேரம், இடைவேளை இரண்டும் வெவ்வேறு சலுகைகள். 3 மணி நேரத் தேர்வுக்கு 25 விழுக்காடு கூட்டினால் 45 நிமிடம் கிடைக்கும். ஆனால் கண் களைத்தபின் அந்த 45 நிமிடத்தால் பயன் குறைவு. அதனால் கடிகாரத்தை நிறுத்திவிட்டுத் தரும் இடைவேளையையும் சேர்த்துக் கேளுங்கள். ஒரே நாளில் 2 தேர்வு வந்தால் மொத்தம் ஏழரை மணி நேரம் ஆகிவிடும். ஒன்றை வேறு நாளுக்கு மாற்றச் சொல்வது நியாயமான கோரிக்கைதான். கணினியில் எழுதுவதாக இருந்தால், தேர்வுக்கு ஒரு வாரம் முன்பே அதே அறையில் அதே கணினியில் உட்கார்ந்து பாருங்கள். உருப்பெருக்கும் மென்பொருள் இல்லாத கணினி தேர்வன்று காலையில் வந்து நிற்பதுதான் வழக்கமான சிக்கல். நீங்கள் சொல்லச் சொல்ல விடை எழுதும் ஸ்க்ரைப் வைத்துக்கொண்டால் அவருக்கு உங்கள் பாடத்தின் கலைச்சொற்களும் வரைபடக் குறிகளும் தெரிந்திருக்க வேண்டும். வரைபடத்தைச் சொல்லச் சொல்ல அவர் வரைவதை 2, 3 முறை முன்கூட்டியே பழகிக்கொள்ளுங்கள். பழகாமல் போனால் கூடுதல் நேரம் முழுவதும் அதிலேயே கரைந்துவிடும்.

பேச்சில் கேட்டதை அன்றே மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 2006-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24ஆம் பிரிவு, உயர்கல்விக்கும் நியாயமான ஏற்பாடுகளைச் செய்து தரச் சொல்கிறது. இருந்தாலும் முதல் மின்னஞ்சலிலேயே சட்டம் பேச வேண்டாம். புத்தகப் பட்டியலையும் பாயிண்ட் அளவையும் தேவைப்படும் தேதியையும் எழுதி அனுப்புங்கள். பத்து நாளில் பதில் வராவிட்டால் நேரில் போங்கள்.