யங் குணகத்தை விடுங்கள், வைஸைப் பாருங்கள்

வணக்கம். வைஸில் (பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவி) ஒரு முனையைப் பிடித்த அலுமினியப் பட்டைக்கு, சுத்தியலால் தட்டி அதிர்வை அளக்கும் சோதனையில் கிடைத்ததைவிடக் கணினி மாதிரியின் முதல் மூன்று இயல் அதிர்வெண்களும் முறையே 12, 10, 8 சதவீதம் கூடுதலாக வருகின்றன என்கிறீர்கள். முதலாவதைப் பொருத்த, பொருளின் விறைப்பைக் குறிக்கும் யங் குணகத்தை மாதிரியில் 70-லிருந்து 56 கிகாபாஸ்கலுக்கு இறக்கியதும் மூன்றாவது சோதனை அளவுக்கும் கீழே போய்விட்டது. போகத்தான் செய்யும். குணகத்தை மாற்றினால் எல்லா அதிர்வெண்களும் ஒரே விகிதத்தில்தான் மாறும். தவிர, வழக்கமான அலுமினியக் கலவை எதற்கும் 56 வராது.

பிழை 12, 10, 8 என்று குறைந்துகொண்டே போகிறதே, அதுதான் துப்பு. வைஸ் பட்டையின் அடியைக் கொஞ்சம் சுழல விடுகிறது. அது கீழ் அதிர்வெண்களைத்தான் அதிகம் குறைக்கும். மாதிரியோ முழு இறுக்கம் என்று எடுத்துக்கொள்கிறது.

பட்டையைக் கழற்றி எடை போடுங்கள். தடிமனை மைக்ரோமீட்டரில் நாலைந்து இடத்தில் அளந்து பாருங்கள். வளைவு விறைப்பு தடிமனின் கனத்துக்கு (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏற்ப மாறும் என்பதால் இதில் அலட்சியம் கூடாது. பிறகு ரப்பர் பேண்டில் தொங்கவிட்டுத் தட்டினால், வைஸின் குறுக்கீடு இல்லாததால், கிடைக்கும் அதிர்வெண்ணிலிருந்து குணகம் தெரிந்துவிடும். அதை இனி தொடாதீர்கள். அப்புறம் மாதிரியில் பட்டையின் அடியில் ஒரு சுழல் ஸ்பிரிங் வைத்து, முதல் அதிர்வெண்ணுக்கு மட்டும் அதன் விறைப்பைச் சரிசெய்யுங்கள். மற்ற இரண்டும் தாமாகப் பொருந்தினால் மாதிரியை நம்பலாம். பட்டையில் ஒட்டி அதிர்வை அளக்கும் முடுக்கமானியின் எடையையும் மாதிரியில் சேர்த்துவிடுங்கள், மெல்லிய பட்டைக்கு அதுவே பெரிய சுமை.